தீக்காவல்

செம்பவாங் கப்பல் பட்டறையில்
முப்பத்தோரு வருடம் வெல்டிங்.
அங்கே நெருப்பு வைக்க பர்மிட் வேண்டும்.
எந்தத் தளம், எத்தனை மணி, யார் கையெழுத்து.
பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு
ஒரு தீக்காவல்காரன்.
வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரம்
அவன் அங்கேயே நிற்க வேண்டும்.
ஆறியதுபோல் கிடக்கும் இரும்பை
நம்பக்கூடாது.

இப்போது நெருப்பு உள்ளே.
பர்மிட் கேட்பதில்லை.

நேற்று ஈசூன் வீட்டில்
விடிகாலை மூன்று பத்துக்கு
நெஞ்சுக்குழியில் பற்றிக்
கழுத்தேறிக் காதுமடல் வரை போனது.
நாலு நிமிடம்.
பிறகு பிழிகிற அளவு ஈரமாய் பனியன்,
பல் கிட்டுகிற குளிர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துத்
தாதி ஊசி போடுகிறாள்,
'சாப்பிட்டீங்களா அங்கிள்' என்று கேட்டபடியே.
உள்ளே இருப்பதற்குச் சோறு
என் டெஸ்டோஸ்டிரோன்தானாம்.
அதைப் பட்டினி போட
என்னையும் பட்டினி போடுகிறார்கள்.
பட்டினி கிடப்பவனுக்கு
இடுப்பு மட்டும் நாலு அங்குலம் ஏறியிருக்கிறது.
மார்பு நோகிறது, சட்டை உரசினால்.
பிஎஸ்ஏ இறங்கிவிட்டது, நல்ல செய்தி என்றார் டாக்டர்.
நல்ல செய்தியோடு
ஃபேர்பிரைஸுக்குப் போனேன்.
அட்டையில் ஒரு முட்டை உடைந்திருந்தது.
அதைப் பார்த்து அழுதேன்.

எழுதி வையுங்கள் என்றார்கள்.
எழுதினேன்.
செவ்வாய் ஏழு நாற்பது: கோப்பி-ஓ, பத்தாவது நிமிடம்.
புதன் மதியம்: மீன்தலைக் கறி.
வெள்ளி, எம்ஆர்டியில்: ஒன்றும் சாப்பிடவில்லை,
மகன் போனில் கத்தினான்.
டாக்டர் நூர்ஹயாத்தி பேனாவோடு படித்தார்.
கோப்பியைக் குறைக்கலாம். மிளகாயைக் குறைக்கலாம்.
மூன்றாவது வரியில் பேனா நின்றது.
இருவரும் சிரித்தோம்.

எலும்பு மெலியும், பளு இழுங்கள் என்றாள் பிசியோ.
என்னிடமா பளுவைப் பற்றி, என்று நினைத்தேன்.
கையில் கொடுத்தது
சிவப்பு ரப்பர் பட்டை ஒன்று.
எட்டாவது இழுப்பில் தோள் நடுங்கியது.
புளோக்கின் கீழே உடற்பயிற்சி மூலையில்
பக்கத்து பெஞ்சு திரு கோ
திடீரென்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்,
சீனப் பத்திரிகையை மடித்து விசிறினார்.
அதே நிமிடம் நானும் துண்டைத் தேடினேன்.
'யூ ஆல்சோ ஆ?'
அவ்வளவுதான் பேச்சு.
மறுநாளிலிருந்து ஆறரைக்கு
இரண்டு பட்டைகள்.
அவருடையது பச்சை. கொஞ்சம் பொறாமை.

இன்னொன்று உண்டு,
நோட்டில் எழுதாதது.
தூக்கத்தில் தவமணியின் கை என்மேல் விழும்.
முன்பெல்லாம் அது ஒரு கேள்வி.
இப்போது என்னிடத்தில்
கப்பல் இறங்கிப் போன டாக்,
தரையில் கொஞ்சம் தண்ணீர், எதிரொலி.
ஒரு மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
'முதுகோடு எத்தனை நாள் பேசறது' என்றாள்.
சொன்னேன். ஊசிதான் காரணம் என்று
அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.
கையை எடுக்கவில்லை.

பதினாலு வருடத்துக்கு முன்னால்
அவளுக்கு இந்த வெக்கை வந்தபோது
ஏர்கான் பில்லைக் காட்டிக் கத்தியவன் நான்.
அதை அவள் சொல்லிக்காட்டவில்லை.
சரி, ஒருமுறை காட்டினாள்.

இன்றும் மூன்று மணிக்கு வந்தது.
விளக்கைப் போடாமல்
ஈரத்துண்டைப் பிடரியில் வைத்தாள்,
தலையணை உறையை மாற்றினாள்,
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.
'ஆறிடுச்சு. நீ படு.'
கடிகாரத்தைப் பார்த்தாள்.
கல்யாணமான புதிதில், பெருமைக்காக,
பட்டறை விதிகளை
ஒவ்வொன்றாக இவளுக்கு ஒப்பித்திருக்கிறேன்.
'இன்னும் இருபது நிமிஷம் இருக்கு' என்றாள்.

இருபது நிமிடம்
முட்டை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.